பல்லுக்குக் கல்லூரி கட்டிய சோடாக் கடைக்காரர்

கார்த்திகை மாதம். திருவண்ணாமலையில் தீபத் திருவிழா.

2,668 அடி உயர மலையின் உச்சியில், மாலை 6 மணிக்குத் தீபம் எரிகிறது. அரோகரா முழக்கம் வானைப் பிளக்கிறது. மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை முழுவதும் தலைகள்தான் தெரிகின்றன.

வீடுகளிலும் கொண்டாட்டம்தான். வாசலில் அகல் விளக்கு. அடுப்பில் வெல்லப் பாகு. பாகு பதம் வந்ததும் பொரியைக் கொட்டிக் கிளறுகிறார்கள். சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்கிறார்கள். கை சிவந்து விடுகிறது. ஆனாலும் பொரி உருண்டை இல்லாமல் கார்த்திகை ஏது?

டப்பா நிறையப் பொரி உருண்டை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒன்று. விளையாடப் போகும்போது ஒன்று. படுக்கப் போகும்போது ஒன்று. குழந்தைகளுக்குக் குஷி.

தீபம் மலையில் 11 நாட்கள் எரியும். அது அணைவதற்குள் ஏதாவது ஒரு வீட்டில், நடு இரவில், ஒரு குழந்தை கன்னத்தைப் பிடித்துக் கொண்டு அழுகிறது.

பல் வலி!

தாயார் எழுந்து விளக்கைப் போடுகிறாள். வாயைத் திறந்து பார்க்கிறாள். கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி. அதில் பாகு ஒட்டிக் கொண்டு இருக்கிறது.

பாட்டி கிராம்பு எடுத்து வருகிறாள். உப்புத் தண்ணீர் கொடுக்கிறாள். கண்டங்கத்தரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடித்தால் பல்லில் உள்ள பூச்சி விழுந்து விடும் என்று சொல்கிறாள். பாட்டிக்கு அவளுடைய பாட்டி சொன்னது அது.

ஒரு காலத்தில் இதற்கு மேல் ஒரே ஒரு வைத்தியம்தான் இருந்தது. சந்தையில் துணி விரித்து, பிடுங்கிய பற்களைக் குவித்து வைத்து உட்கார்ந்திருக்கும் ஆளிடம் போவது. அவர் குறடு வைத்து இழுப்பார். பல் வரும். சில சமயம் பாதிப் பல் மட்டும் வரும். குறட்டைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யும் வழக்கம் கிடையாது. வலி போனாலும் வேறு நோய் வந்து சேரும்.

பல்லைப் பிடுங்காமலே காப்பாற்றலாம்; அதற்கு ஒரு படிப்பு வேண்டும்; அந்தப் படிப்பை இந்தியாவிலேயே சொல்லித் தர வேண்டும் என்று புறப்பட்டார் ஒருவர். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்தவர் அவர்.

அவர் பெயர் டாக்டர் ரபியுதீன் அகமது.

கப்பல் ஏறிய வாலிபர்

1890-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, கிழக்கு வங்காளத்தில் பிறந்தார் ரபியுதீன். டாக்கா பக்கம் அவருடைய ஊர். இன்று அது வங்காள தேசத்தில் இருக்கிறது.

ரமணர் வீட்டை விட்டுப் புறப்பட்டு, திருவண்ணாமலை ரெயில் நிலையத்தில் வந்து இறங்கியது 1896-ல். அப்போது ரபியுதீனுக்கு வயது 5. பால் பல் விழத் தொடங்கும் வயது.

வடக்கே அலிகாருக்குப் போய்ப் படித்தார். 1908-ல் அந்தப் படிப்பு முடிந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். வயது 18.

வெளிநாடு போகிற வாலிபர்கள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் லண்டனுக்குத்தான் போவார்கள். பாரிஸ்டர் ஆவதற்குப் படிப்பார்கள். அல்லது ஐ.சி.எஸ். பரீட்சை எழுதுவார்கள். ரபியுதீன் அமெரிக்காவின் நடுப் பகுதியில் உள்ள அயோவா சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே அவர் எடுத்துக் கொண்டது பல் வைத்தியப் படிப்பு.

இந்தியாவில் அப்போது அந்தப் படிப்புக்கு மதிப்புக் கிடையாது. பல் பிடுங்குவதற்கு ஒரு பட்டமா என்று கேட்கக் கூடிய காலம். ஆனால் அமெரிக்காவில் பல் வைத்தியம் தனி விஞ்ஞானமாக வளர்ந்து விட்டது. 1915-ல் ரபியுதீன் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் வாங்கிக் கொண்டு உடனே ஊர் திரும்பவில்லை. ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்து கொண்டு இருந்தது. அவர் பாஸ்டன் நகருக்குப் போனார்.

ஏழைக் குழந்தைகளின் ஆஸ்பத்திரி

பாஸ்டனில் போர்சித் என்ற குடும்பம் இருந்தது. ரப்பர் தொழிலில் பணம் சேர்த்த சகோதரர்கள். அந்தப் பணத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு என்றே ஒரு பல் ஆஸ்பத்திரி அமைந்தது. 1914-ல் அது திறக்கப்பட்டது. டாக்டர் அகமது 1918 வரை அங்கே வேலை பார்த்தார்.

குழந்தைகளுக்காக ஒரு தனிப் பல் ஆஸ்பத்திரி! நம் நாட்டில் பெரியவர்களுக்கே அப்படி ஒன்று இல்லாத காலம் அது.

அந்த ஆஸ்பத்திரியின் நோக்கம் எளிமையானது. பல் கெட்ட பிறகு பிடுங்குவதை விட, கெட ஆரம்பிக்கும்போதே அடைப்பது நல்லது. கெடாமலே பார்த்துக் கொள்வது அதை விட நல்லது.

பல் ஏன் கெடுகிறது? அதற்கு 1890-லேயே விடை கிடைத்து விட்டது. டாக்டர் அகமது பிறந்த அதே ஆண்டு. மில்லர் என்ற அமெரிக்கர் ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்து ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் பல் பூச்சிக் கதைக்கு அவர் முற்றுப்புள்ளி வைத்தார்.

பல்லில் கண்ணுக்குத் தெரியும் பூச்சி எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான் இருக்கின்றன. எல்லார் வாயிலும் இருக்கின்றன. நாம் தின்னும் சர்க்கரை, வெல்லம், மாவுப் பண்டம் ஆகியவற்றைத் தின்று அவை பிழைக்கின்றன. தின்ற பிறகு ஒரு புளிப்புத் திராவகத்தை வெளியே விடுகின்றன. அந்தத் திராவகம் பல்லை அரிக்கிறது.

பல்லின் மேல் எனாமல் என்ற வெள்ளைப் பூச்சு இருக்கிறது. மனித உடம்பிலேயே அதுதான் மிகவும் கெட்டியான பொருள். எலும்பை விடக் கெட்டி. ஆனால் புளிப்புத் திராவகத்தின் முன் அது நிற்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

அரிப்பை எதிர்த்து வேலை செய்வது உமிழ்நீர். அது திராவகத்தைக் கழுவி விடுகிறது. கரைந்து போன சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பல்லில் சேர்க்கிறது. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் இனிப்பு தின்றால் அந்த நேரம் கிடைக்காது.

ஆகவே எவ்வளவு இனிப்பு தின்கிறோம் என்பதை விட, எத்தனை தடவை தின்கிறோம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுடன் சேர்த்து இரண்டு பொரி உருண்டை தின்றால் தீமை குறைவு. அதே இரண்டை நாள் முழுவதும் கடித்துக் கடித்துத் தின்றால் பல் தாங்காது.

கண்டங்கத்தரிப் புகையில் விழுகிற பூச்சிகளோ? அவை பல்லுக்குள் இருந்து வந்தவை அல்ல. பாட்டியிடம் இதைச் சொல்லிப் புரிய வைப்பது மட்டும் கஷ்டம்.

சோடாக் கடை

1919-ல் டாக்டர் அகமது கல்கத்தா திரும்பினார்.

அவர் விரும்பியிருந்தால் ஒரு நல்ல தெருவில் அறை எடுத்து, பெயர்ப் பலகை மாட்டி, பணக்காரர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் வைத்தியம் செய்து சுகமாக இருந்திருக்கலாம். அமெரிக்கப் பட்டத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

ஆனால் ஒரு டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வாயைப் பார்க்க முடியும்? நாடு முழுவதும் கோடிக் கணக்கான வாய்கள். டாக்டர்களை உண்டாக்கினால்தான் விமோசனம்.

1920-ம் ஆண்டு கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அவருக்கு வயது 29.

கல்லூரி என்றால் சும்மா நடக்குமா? நாற்காலி வேண்டும். கருவிகள் வேண்டும். மருந்து வேண்டும். பணத்துக்கு எங்கே போவது?

டாக்டர் அகமது ஒரு கடை திறந்தார். அதன் பெயர் நியூயார்க் சோடா பவுண்டன்.

அமெரிக்காவில் அந்த மாதிரிக் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. குழாயைத் திருகினால் சோடா பொங்கி வரும். அதில் வாசனையான சர்க்கரைப் பாகு கலந்து கொடுப்பார்கள். நம் ஊர் கோலி சோடா, பன்னீர் சோடாவுக்கு அது அமெரிக்கச் சித்தப்பா. கடையில் வந்த வருமானத்தைக் கல்லூரிக்குச் செலவிட்டார்.

பல்லைக் கெடுப்பதில் சர்க்கரைத் தண்ணீருக்கு இணை வேறு ஒன்று இல்லை. அதை விற்ற காசில் பல்லைக் காப்பாற்றும் கல்லூரி நடந்தது! டாக்டருக்கு இந்த வேடிக்கை தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் கொடுப்பதற்கு வேறு யாரும் வராதபோது அவர்தான் என்ன செய்வார்?

ஆரம்பத்தில் மாணவர்கள் மிகக் குறைவு. பல் வைத்தியம் படித்தால் யார் பெண் கொடுப்பார்கள், யார் வேலை கொடுப்பார்கள் என்ற பயம். ஆனாலும் அவர் விடவில்லை. மெல்ல மெல்ல மாணவர்கள் வந்தார்கள். பின்னால் அது 4 ஆண்டுப் படிப்பாக வளர்ந்தது.

வந்தவர்களில் பெண்களும் உண்டு. முகமது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா அங்கேதான் படித்தார். 1923-ல் பம்பாயில் சொந்தமாகப் பல் வைத்தியசாலை திறந்தார். ஒரு பெண் டாக்டர் தனியாக வைத்தியசாலை நடத்துவது அன்று அதிசயம்.

அடைப்பதற்கு ஒரு புத்தகம்

1925-ல் டாக்டர் அகமது இரண்டு காரியங்கள் செய்தார். வங்காளத்தில் பல் டாக்டர்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார். பல் மருத்துவத்துக்கு என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். 1946 வரை, 21 ஆண்டுகள், அதற்கு அவரே ஆசிரியர்.

1928-ல் மாணவர்களுக்காக ஒரு கைப்புத்தகம் எழுதினார். அது பல்லைப் பிடுங்கும் புத்தகம் இல்லை. சொத்தையைச் சுரண்டி எடுத்து, குழியை அடைத்து, பல்லைக் காப்பாற்றும் புத்தகம்.

அந்தப் புத்தகத்தின் விஷயம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

சொத்தை முதலில் ஒரு வெள்ளைத் திட்டாகத் தோன்றும். வலி இருக்காது. அந்தக் கட்டத்தில் நன்றாகத் துலக்கி, இனிப்பைக் குறைத்தால் பல் தானே தேறும். அடுத்தது பழுப்பு அல்லது கறுப்புக் குழி. இனிமேல் தானாக மூடாது. டாக்டர் கெட்ட பகுதியை எடுத்து விட்டு அடைக்க வேண்டும். கால் மணி, அரை மணி வேலைதான்.

அதையும் விட்டு விட்டால் குழி ஆழமாகும். பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கின்றன. குழி அங்கே போய்ச் சேரும்போதுதான் நடு இரவு வலி. அப்போதும் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்பது இல்லை. வேர் வரைக்கும் சுத்தம் செய்து அடைக்கும் வேர்ச் சிகிச்சை இருக்கிறது. ஆனால் செலவு அதிகம், நாளும் அதிகம்.

கன்னம் வீங்கி, காய்ச்சலும் வந்து விட்டதா? சீழ் பிடித்து விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாய் திறக்க முடியாமலோ, விழுங்க முடியாமலோ இருந்தால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது.

கிராம்பு எண்ணெய் வலியை மரக்கச் செய்யும். சொத்தையை ஆற்றாது. வலி மாத்திரையைப் பல்லின் மேல் வைத்து அடக்கிக் கொள்கிறவர்கள் உண்டு. அது ஈறைப் புண்ணாக்கி விடும். மாத்திரை விழுங்குவதற்குத்தான்.

பெற்றோர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. குழந்தைக்கு 6 வயதில், பால் பற்களுக்குப் பின்னால், புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே அது வருவதால், அதுவும் பால் பல்தான், போனால் போகட்டும் என்று விட்டு விடுகிறார்கள். அது ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல். விழுந்தால் வேறு முளைக்காது. முளைத்த சில ஆண்டுகளில் முதலில் சொத்தை ஆவதும் பெரும்பாலும் அதுதான்.

பால் பல்லையும் அலட்சியம் செய்யக் கூடாது. அந்த 20 பற்கள்தான் அடுத்து வரும் பற்களுக்கு இடம் பிடித்து வைக்கின்றன. பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கப் பண்ணினால் முன் பற்கள் கறுத்துப் போகலாம்.

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நம் பெரியவர்கள் கண்ட வழி. பல்லைத் தேய்க்கும் குச்சி, மென்று துப்பும் குச்சி. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கடைவாயின் இடுக்குக்குக் குச்சி எட்டாது. செங்கல் பொடி, சாம்பல், கரி ஆகியவை எனாமலைத் தேய்த்துப் போக்கி விடும். புகையிலை கலந்த பல்பொடியோ இன்னும் மோசம். 1992-ல் மத்திய அரசாங்கம் அதற்குத் தடை போட்டது.

இப்போது டாக்டர்கள் சொல்வது, காலையிலும் இரவு படுக்கும் முன்பும் மெல்லிய பிரஷ் கொண்டு, புளோரைடு கலந்த பற்பசையால் துலக்குவது. இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்றால் இரவை விடக் கூடாது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்து விடும். வாய்க்குள் கிருமிகளின் ராஜ்யம்தான். 3 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு பசை. 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும்.

அளவு ஏன் முக்கியம் தெரியுமா? புளோரைடு கொஞ்சமாக இருந்தால் பல்லுக்குக் காவல். அதிகமானால் பல்லில் பழுப்புக் கறை விழும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல கிராமங்களில் நிலத்தடி நீரிலேயே புளோரைடு அதிகம். அங்கே கறை படிந்த பற்களை நிறையப் பார்க்கலாம். அது சொத்தை இல்லை. தண்ணீரை மாற்றினால்தான் அடுத்த தலைமுறைக்கு வராது.

சட்டமும் தானமும்

படித்த டாக்டர்கள் வந்து விட்டார்கள். ஆனால் சந்தையில் குறடு வைத்திருப்பவரும் டாக்டர்தான் என்று பலகை போட்டுக் கொள்ளலாம் என்ற நிலை மாறவில்லை. அதற்குச் சட்டம் வேண்டும் என்று டாக்டர் அகமது பாடுபட்டார்.

1939-ல் வங்காளத்தில் பல் வைத்தியர் சட்டம் வந்தது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, 1948-ல், இந்தியா முழுவதற்கும் சட்டம் வந்தது. முறைப்படி படித்துப் பதிவு செய்து கொண்டவர்தான் பல் வைத்தியம் செய்யலாம் என்ற வழி பிறந்தது.

நடுவில் கல்கத்தா நகர சபையில் 1932 முதல் 1936 வரை கவுன்சிலராக இருந்தார். 1942 முதல் 1944 வரை ஆல்டர்மேன். இந்தியப் பல் மருத்துவச் சங்கத்தின் தலைவர் பதவியும் அவரைத் தேடி வந்தது.

1947-ல் நாடு பிரிந்தது. டாக்டர் அகமது பிறந்த மண் பாகிஸ்தானுக்குப் போய் விட்டது. அவரிடம் படித்த பாத்திமா ஜின்னா, அண்ணனுடன் பாகிஸ்தான் போனார். டாக்டர் அகமது கல்கத்தாவை விட்டு அசையவில்லை. அவர் வளர்த்த கல்லூரி அங்கே இருந்தது.

1949-ல் அந்தக் கல்லூரியை என்ன செய்தார் தெரியுமா?

மேற்கு வங்காள அரசாங்கத்துக்குத் தானமாகக் கொடுத்து விட்டார்! சோடா விற்றுச் சேர்த்த சொத்து. 29 ஆண்டு உழைப்பு. விலை பேசியிருந்தால் பெரும் பணம் கிடைத்திருக்கும். தாம் போன பிறகும் கல்லூரி நிற்க வேண்டும் என்றால் அது ஒரு தனி மனிதர் கையில் இருக்கக் கூடாது என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

பிறகு மந்திரி ஆனார். அப்போது மேற்கு வங்காளத்தின் முதல்-மந்திரி டாக்டர் பி.சி.ராய். அவரும் வைத்தியர். அவருடைய மந்திரிசபையில் விவசாயம், கூட்டுறவு, சமுதாய வளர்ச்சி, அகதிகள் நிவாரணம் முதலிய இலாகாக்களை டாக்டர் அகமது கவனித்தார். கிழக்கு வங்காளத்தில் இருந்து மூட்டை முடிச்சுடன் அகதிகள் வந்து கொண்டே இருந்த காலம். அவருடைய சொந்தச் சீமையில் இருந்து வந்த ஜனங்கள்.

1964-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1965-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி காலமானார். வயது 74. அவர் தொடங்கிய கல்லூரி, அவர் பெயரையே தாங்கி, கல்கத்தாவில் சியால்தா பக்கம் இன்றும் நடக்கிறது.

தமிழ்நாட்டுக்கு அந்த வெளிச்சம் வந்து சேர 33 ஆண்டுகள் ஆயின. 1953-ல்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. அது பின்னால் தனிக் கல்லூரி ஆயிற்று. இன்று திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கன்னத்தைப் பிடித்துக் கொண்டு அழும் குழந்தையைத் தூக்கிக் கொண்டு சந்தைக்கு ஓட வேண்டியது இல்லை.

டாக்டர் அகமது பிறந்த டிசம்பர் 24-ந் தேதியை இந்தியாவில் பல் டாக்டர்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். தீபம் முடிந்த பிறகுதான் அந்த நாள் வரும். பொரி உருண்டை டப்பா அதற்குள் காலியாகி இருக்கும்.